தராசுக்குப் போட்ட சங்கிலி

போன ஞாயிற்றுக்கிழமை காலை தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனபோது, அத்தையின் வெங்காயக் கடையில் தராசு இன்னும் சங்கிலியில்தான் இருந்தது. ஹனூர்ச் சந்தையில் மாடு கட்டுவதற்கு வாங்குகிற சங்கிலி. எருமையே இழுத்தாலும் அறாது. ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசை ராத்திரி பூட்டிவைக்க இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அத்தையிடம் அதைச் சொல்லும் தைரியம் மார்க்கெட்டில் யாருக்கும் கிடையாது.

சில வருடங்களுக்கு முன் பழைய தராசை ஒருவன் தூக்கிப்போய்க் காயலான் கடையில் போட்டுக் குடித்துவிட்டான். அங்கேயே மூட்டை தூக்குகிறவன், கொள்ளேகால் பக்கத்துத் தமிழன். அவனை உள்ளே தள்ளியே ஆகவேண்டும் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். முதல் குற்றம் என்பதால் நீதிபதி அவனை நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விட்டு, மாதாமாதம் அத்தைக்கு நஷ்டஈடு கட்டவேண்டும் என்றார். திரும்பும்போது என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அத்தை என்னைத் திட்டினாள், நான்தான் தீர்ப்பு எழுதியதுபோல.

கண்காணிப்பு அதிகாரி அம்மா பொறுமையாக விளக்கினார். "அவர் வேலைக்குப் போனாத்தான்மா உங்களுக்குப் பணம். கட்டாம விட்டா கோர்ட்டு உள்ள போட்டுடும். அப்புறம் யாரு கட்டுவா?" அன்றிலிருந்து அவனை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றுவது அத்தையின் தலையில் விழுந்தது.

விடிந்ததும் நானும் அத்தையும் ஸ்கூட்டரில் அவன் வீட்டுக்குப் போவோம். "எந்திரிடா, லாரி வந்துருச்சு" என்று அத்தை கதவை உடைப்பாள். சாயங்காலம் வைன் ஸ்டோர் வாசலில் பூண்டுக் கூடையோடு உட்கார்ந்துவிடுவாள். வியாபாரம் பாதி, காவல் பாதி. தாங்கமுடியாமல் அவன் அதிகாரியிடமே போய் அழுதான். "ஜெயிலே தேவலைங்க மேடம். அங்க இந்தக்கா வரமாட்டாங்க."

நடுவில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து, மூட்டை தூக்க முடியாமல் போயிற்று. தவணை தவறினால் ஜெயில்தான். அத்தை அவனைத் தன் கடையிலேயே பூண்டு உரிக்க உட்காரவைத்துக் கூலி கொடுத்தாள். அதைத்தான் அவன் கொண்டுபோய்க் கட்டினான். "உங்க காசே ஊரைச் சுத்தி உங்ககிட்ட வருதே அத்தை" என்று சிரித்தேன்.

"அதெப்புடி என்ற காசாவும்? பூண்டு உரிச்சதுக்குக் குடுத்தது. அவங் காசு." அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாத் தவணையும் முடிந்து அத்தை புதுத் தராசு வாங்கினாள். அவனே அதைத் தலையில் சுமந்துவந்து இறக்கினான். அன்று கடை சாத்தும் நேரத்தில் அத்தை இந்தச் சங்கிலியை எடுத்து, அவன் கண்ணெதிரிலேயே தராசைச் சுற்றிப் பூட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனைக்குப் பிறகுமா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை அவனிடம் நீட்டினாள். "நீ வெச்சுக்க. என்ற முந்தானைல முடிஞ்சா எங்கியாச்சும் உழுந்துரும்."

போன ஞாயிறு அவன் வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கடை முன்னால் கூட்டம் சேர்ந்து, ஆளுக்கொரு பையோடு முணுமுணுத்தது. அத்தை பூட்டிய தராசுக்குப் பின்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"செத்த இருங்க. தராசுக்காரன் வரட்டும்."