நல்ல நேரத்தில் கொடுத்த கரண்ட்

இன்றைக்கும் யாராவது ராகு காலம் என்று வாயெடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் கடைசியில் நானும் என் தோழியும் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி, மாமல்லபுரம் பக்கம் கடல் அலைகளை அளக்கும் ஒரு சின்ன ஆபீசுக்கு வேலைக்குப் போனோம். இருவரும் டெக்னீஷியன்கள். அங்கே மேசைமேல் வைக்கும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. கணக்குகள் பெருகிவிட்டதால் அதற்குள் புது மெமரி போர்டு ஒன்றைப் பொருத்தச் சொன்னார்கள்.

வேலை எங்களுக்குத் தெரியும். அன்று நைலான் சேலை கிடையாது. ஏசி அறையில் அது உரசிப் பொறி தட்டும், போர்டு பாழாக அந்தப் பொறி போதும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் ஆகாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் கரண்ட் தேங்கியிருக்கும், அது வடியக் காத்திருக்க வேண்டும். மூடியைக் கழற்றியதும் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் போர்டைத் தொடுவோம். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று உண்டு. பிளக்கைப் பிடுங்கியவள்தான் திரும்பச் சொருகுவாள். வேறு யார் கையும் அதில் படக்கூடாது.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் அதிகாரி காலையிலேயே கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். அந்தப் பொடி உள்ளே விழாமல் துடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

"பத்தரைக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்குள்ள ஆன் பண்ணிடணும்மா" என்று வந்து வந்து நின்றார்.

"இன்னும் முடியல சார். நாங்க சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றேன். பெரிதாகத் தலையாட்டினார்.

உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த பழைய போர்டின் முனையை, ஜன்னல் பக்கம் திரும்பி ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தோழி பவர் சப்ளையை ஒட்டிய ஒரு ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார். தானே குனிந்து பிளக்கைச் சொருகி, சாமி பேரைச் சொல்லி ஸ்விட்சைப் போட்டார்.

அவள் அலறக்கூட இல்லை. நாற்காலியோடு சாய்ந்து விழுந்தாள்.

உயிர் பிழைத்தாள். ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் கருகி மரத்துப்போயின. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாதவளைத் தபால் பிரிக்க உட்காரவைத்தார்கள். அவரோ, "நல்ல நேரத்துல போட்டேன், அதான் உயிர் தங்கிச்சு" என்று போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். வெட்கம் வேண்டாமா? ஆபீசே அதற்கு ஆமாம் போட்டது. அவள் வீட்டார் தேங்காய் பழத்தோடு வந்து அவருக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், பஸ்ஸில் பூச்சரத்தை என்னிடம் நீட்டினாள். "வெச்சு வுடுடி. ஹேர்பின்னு பிடிக்க வரல."

வைத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்: "இன்னா இருந்தாலும் அவரு நல்ல மனுசன்டி. நேரம் பாத்துப் போட்டாரு. இல்லாங்காட்டி நான் போய்ச் சேந்திருப்பேன்."

"நேரமே பாக்காத ஆளா இருந்தா உன் வெரலு ரெண்டும் நல்லா இருந்திருக்கும்டி!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அவள் அழுதாள். அழ வேண்டிய மனிதர் அன்றும் ஆபீஸ் ஜீப்பில் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனார்.