அம்மா போட்ட எட்டு

எங்கள் அம்மா மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கிய செலவில் ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லுவார். அவருக்கு எதையும் மாட்டு விலையில் சொன்னால்தான் திருப்தி. கூடவே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மாடு கொஞ்சம் அதிகம். ஒரு நல்ல ஆடு வாங்கியிருக்கலாம்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா பைக்கில் துணி ஏற்றிக்கொண்டு ஊரூராகப் போய் விற்றுவந்தார். நைட்டி, கைலி, பாவாடை, பிள்ளைகளுக்குக் கவுன். வாங்கும்போது பாதிக் காசு, அறுப்பு முடிந்ததும் மீதி. அந்த வருஷம் கோடையில் தஞ்சாவூர்க் கண் டாக்டர் அத்தாவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களுக்குச் சோறு போட்டது அந்த வண்டிதான். குறுவை அறுத்து ஊரில் காசு புழங்குகிற தீபாவளி வியாபாரத்தை விட்டால் அந்த வருஷத்தையே விட்டமாதிரி.

அதற்குள் அம்மா ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அத்தா முடிவு செய்தார். அம்மா பயந்துபோய்விட்டாள்.

“பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிள மிதிச்ச கால்தானே? அதெல்லாம் மறக்காது” என்றார் அத்தா.

“பொம்பளப் புள்ள பைக்க முறுக்கிக்கிட்டு ஊரூராப் போவுறதா?” என்று பெரியம்மா கேட்டார். அத்தா வண்டிச் சாவியை எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

ஒரு கட்டுக் கீரைக்கு மூச்சு வாங்கப் பேரம் பேசுகிறவர் அத்தா. அப்படிப்பட்டவர் டிரைவிங் ஸ்கூல்காரர் கேட்ட பணத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்தது. அப்புறம் செலவு தானாகவே வழி கண்டுபிடித்து வந்தது. முதல் வாரத்தில் கண்ணாடி போயிற்று. அடுத்து இண்டிகேட்டர், அதற்கடுத்து கிளட்ச் பிடி. ஒருநாள் அம்மா வண்டியை நேரே நடவு வயலில் இறக்கி, சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். சாய்ந்த பயிருக்கு ஈடாக வயல்காரருக்கு ஒரு புதுக் கைலி போயிற்று. அம்மா அழ ஆரம்பித்ததும் அத்தா, “ஆனை வாங்குனவன் அங்குசத்துக்கு அழுவலாமா?” என்று சிரித்தார்.

லைசென்ஸ் வேண்டுமென்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் காலைத் தரையில் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்துச் சிமெண்ட் களம் அறுப்பு வரைக்கும் சும்மாதான் கிடக்கும். அங்கே எட்டு வரைந்து பழகலாம் என்று, எதிர்வீட்டு அக்காவைக் கோலமாவோடு கூப்பிட்டோம். அங்கேதான் தப்பு நடந்தது. கோலமாவைக் கையில் எடுத்த அக்காவுக்கு வெறும் எட்டோடு நிறுத்த முடியவில்லை. சுழிக்கொரு தாமரை மலர்ந்தது, ஓரமெல்லாம் கொடி ஓடியது. வண்டியில் ஏறி உட்கார்ந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள்.

“என்னங்க, இது மேல எப்புடிங்க வண்டிய ஏத்துறது?”

அக்காவுக்கும் அழிக்க மனசு வரவில்லை. அன்றைய பயிற்சி அத்தோடு சரி, எல்லோரும் கோலத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

முதல் தடவை திருவாரூரில் நடந்த டெஸ்ட்டில் அம்மா இரண்டாவது சுழியில் காலை ஊன்றிவிட்டாள். மறுபடி பணம் கட்ட வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். வயலில் கதிர் பால் பிடிக்க ஆரம்பித்திருந்தது. தீபாவளிக்குள் முடியாதோ என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அத்தாதான் வேறு வழி கண்டுபிடித்தார். களத்தில் ஒரு பக்கம் அவர் நின்றுகொண்டார், கொஞ்சம் தள்ளி என்னை நிறுத்தினார். “என்னைச் சுத்தி ஒண்ணு, புள்ளயச் சுத்தி ஒண்ணு. தரையப் பாக்காத, எங்க மூஞ்சியப் பாரு.” அம்மா எங்கள் இருவரையும் சுற்றிச் சுற்றி வந்தாள். அத்தாவுக்குப் பார்வை சரியில்லாவிட்டாலும் சத்தம் போதும். “முறுக்காத, கிளட்ச்ச லேசா வுடு” என்று வண்டி போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குத் தலை சுற்றியது, ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

இரண்டாவது தடவை அம்மா தரையைப் பார்க்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் தலையாட்டியதும், சுற்றி நின்ற பையன்கள் கை தட்டினார்கள். அன்றைக்கு அம்மா ஓட்ட, நடுவில் நானும் பின்னால் அத்தாவும் உட்கார்ந்து, அல்வா வாங்கித் தின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். இனிமேல் மூன்று பேரும் இப்படியே ஊர் சுற்றப்போகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

வியாபாரத்துக்குக் கிளம்பிய முதல் நாள் காலை நானும் தலை சீவித் தயாராக நின்றேன். அத்தா துணி மூட்டையைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்து, கையால் தடவித் தடவிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். மூட்டை சீட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டது.

“நீங்க எங்க உக்காருவீங்க, அத்தா?”

“நான் எங்கேம்மா போறேன்? நீயும் நானும் சோறாக்கி வைப்போம். அம்மா பசியோட வரும்ல.”

கடைசிச் செலவாக வாங்கிய புது ஹெல்மெட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அத்தா வாசலில் நின்றார். வண்டி வாய்க்கால் பாலம் தாண்டிக் கண்ணுக்கு மறைந்த பிறகும் நின்றார். “மூணாவது கியர் போட்டுட்டா” என்றார். பிறகு, “நாலு” என்றார்.

அத்தாவுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். பகல் முழுவதும் அவரை என்னோடு விளையாட வைத்தேன். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய், “தெனமும் நீயே போம்மா, அத்தா வீட்லயே இருக்கட்டும்” என்றேன். அம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். புது ஹெல்மெட் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.