ஸ்விட்சுக்குள் இறங்கிய சந்தனம்

என் பழைய காரில் ஸ்விட்சை அழுத்தினாலும் பின்னால் பார்க்கும் சைடு கண்ணாடிகள் அசையவில்லை. முன்பு அதில் ஹாரன் சரிசெய்த மதகடிப்பட்டு எலக்ட்ரீஷியன் செல்விதான் ஒயரைக் கெடுத்துவிட்டார் என்று டீக்கடையில் சொல்லிவிட்டேன். அவரிடம் வண்டிகள் வருவது குறைந்தது.

வேறு வழியில்லாமல் அவரிடமே போனேன். டீக்கடை ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“இன்னா செல்வி, நீ கெடுத்தத நீயே பாக்குறியா?” என்றார் ஒருவர்.

செல்வி ஸ்விட்சைக் கழற்றினார். உள்ளே காய்ந்த சந்தனம். ஆயுத பூசைக்கு ஸ்விட்ச் மேல் நான் வைத்த பொட்டு வழிந்து இறங்கியிருந்தது. எனக்கு மட்டும் காட்டிவிட்டு, துடைத்து மாட்டினார். கண்ணாடிகள் அசைந்தன.

“பழைய வண்டிண்ணே, அப்பிடித்தான்” என்றார், எல்லாருக்கும் கேட்க.

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் நான். அன்று, “தப்பு என்னுதுப்பா, நான் வச்ச சந்தனம்” என்று சத்தமாகச் சொன்னேன். அவர் காப்பாற்றிக் கொடுத்த மானத்தை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.