ஜெயகணேஷ் சாருக்குக் காட்டாத பாப்பா

எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவது என் அண்ணன் இளவழகனின் பழக்கம். சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். வேறொருவன் ஷிப்டைப் பார்க்கச் சொன்னாலும் ஆட்டுவார், வண்டியை இரவல் கேட்டாலும் ஆட்டுவார். பத்தாவதோடு நின்று சுரங்கத்துக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனதும், என்னை பி.எஸ்சி. வரை படிக்க வைத்ததும்கூட யாரோ கேட்டு ஆட்டிய தலைதான்.

அவருக்கு மகள் பிறந்தபோது இந்தத் தலை பெருந்தொல்லையானது. நாள் குறைந்து பிறந்தவள். இரண்டு கிலோகூட இல்லை. தாய்ப்பால் தவிர ஒன்றும் கொடுக்காதீர்கள், கை கழுவாமல் தொடாதீர்கள், மூன்று மாதத்துக்கு வெளியாள் யாரும் தூக்க வேண்டாம், இருமல் சளி உள்ளவர்களைக் கிட்டவே விடாதீர்கள் என்றார் டாக்டர். அண்ணன் அதற்கும் தலையாட்டினார். பாப்பா வீட்டுக்கு வந்த மறுநாளே அவர் ஷிப்டில் வேலை செய்யும் ஆறு பேர் வாசலில் நின்றார்கள். ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்க அறைதான் எங்கள் வீடு.

"ஏண்ணா, டாக்டர் சொன்னது கேக்கலயா ஒனக்கு?"

"கேட்டுச்சு. இவுங்களும் ஆசயா கேட்டாங்களே."

"ஒரு நாளு ஆட்டாம இருந்தா கழுத்து சுளுக்கிக்குமா?" என்றார் அண்ணி பொற்கொடி, பாப்பாவை மடியிலிருந்து இறக்காமலே.

வாசலில் வாளியும் சோப்பும் வைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் அண்ணனே சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார், கல்யாணப் பந்தி முடிந்த மாதிரி.

நாற்பதாம் நாள் சூப்பர்வைசர் ஜெயகணேஷ் சார் வந்தார். அடுத்த கான்ட்ராக்டில் அண்ணன் பெயர் இருப்பதும் இல்லாததும் அவர் கையில். கேட்டிலிருந்தே இருமிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு வாரமா விடமாட்டேங்குது இந்த இருமல். எங்க இளவழகன், மகாலட்சுமியக் கொண்டா, தூக்கிப் பாப்போம்."

அண்ணன் தலையாட்டினார்.

"தோ, தூக்கினு வரேங்க சார்" என்று உள்ளே போனவர் வரவேயில்லை. எட்டிப் பார்த்தேன். அண்ணி மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தார். கண்ணாலேயே பின்கதவைக் காட்டினார்.

"குளிப்பாட்டிக்கினு இருக்காங்க சார்" என்று டீ கொடுத்தேன். அப்புறம் இன்னொரு டீ. அரைமணி நேரம் இருமிவிட்டு அவர் கிளம்பினார்.

பின்வீட்டுத் துவைக்கும் கல்லில், முருங்கை நிழலில், பாப்பாவைத் துணியில் பொதிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அண்ணன்.

"போயிட்டாரா?"

"இருமல் சரியானதும் வாங்க சார்னு சொல்ல வாய் இல்ல ஒனக்கு?"

"நீ சொல்றதுதான? படிச்சவ நீதான்."

ஆபீஸ் வேலைக்கென்று நான் கொடுத்த பயோடேட்டா ஒரு மாதமாக அந்த சாரிடம்தான் இருக்கிறது. இரண்டு டீ கொடுத்தேனே தவிர, அந்த ஒரு வார்த்தையை நானும் சொல்லவில்லை. அண்ணனாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆனாலும் ஒரு வார்த்தைக்குப் பயந்து பின்கதவு வழியாக ஓடுகிற ஆளை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. என்னை நினைத்தாலும்.

மறுநாள் அண்ணன் வேலையிடத்தில் சாரிடம், "மூணு மாசம் முடியட்டும் சார், நானே ஒங்க வூட்டுக்குத் தூக்கினு வரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

பாப்பாவுக்கு இப்போது எட்டு மாதம், ஏழு கிலோ. பார்க்கும்போதெல்லாம் சார் கேட்கிறாராம். அண்ணனும் தலையாட்டுகிறாராம். வாக்கு மட்டும் இன்னும் பாக்கி.