ஆறே முக்கால் மணிப் பசி

ஒருத்தியின் பசி அவளுடையதுதானா? கேட்டால் சிரிப்பு வரும். வயிறு அவளுடையது, எடுத்து வைக்கும் கை அவளுடையது, மெல்லும் பல்லும் அவளுடையது. பசி மட்டும் வேறு யாருடையதாக இருக்கும்? ஆனால் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்தே வயதான அந்த அம்மாளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி லேசில் விட்டுப் போகாது.

அவள் கணவர் காகித ஆலையில் பாய்லர் பார்ப்பவர். மற்றவர்களுக்கு வாரம் மாறி வாரம் ஷிஃப்ட் மாறும். இவர் மட்டும் நிரந்தர இரவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பகல்ல மேனேஜர் இருப்பாரு. ராத்திரின்னா நானும் நீராவியும்தான். நீராவி கூட்டம் போட்டுப் பேசாது" என்பார்.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை வேலை. கல்யாணமான முதல் வாரம், சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவருக்கு அவள் டீயும் ரெண்டு துண்டு ரொட்டியும் வைத்தாள். அவர் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, ராத்திரி பூரா நெருப்பு முன்னாடி நின்னுட்டு வர்றேன். இது எந்த மூலைக்கு?"

ஊருக்கு அது காலை. அவருக்கு அது நாளின் கடைசிச் சாப்பாடு. மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கே அடுப்பு எரிந்தது. சோறு, பருப்பு, இரண்டு காய், ஒரு முட்டை. ஆறே முக்காலுக்கு இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். முதலில் அவருக்குத் துணையாக ஒரு கை அள்ளினாள். பிறகு இரண்டு கை. ஒரு வருஷத்துக்குள், லீவு நாளில்கூட, ஐந்தரை ஆனால் பசி தானாக வந்து அவளை எழுப்பியது. மதியத்துக்குக் கொண்டுபோகும் டப்பா பாதிக்கு மேல் திரும்பி வந்தது. மாலையில் தூங்கி எழும் அவருக்கு டீ போதும், தன் ஒருத்திக்காக என்ன சமைப்பது என்று அவளும் டீயோடு முடித்துக்கொண்டாள். சலவைப் பிரிவில் அவளுக்குக் 'காலைச்சோத்துக்காரி' என்று பேர் விழுந்தது.

எட்டு மணிக்கு அவர் படுப்பார். வெளிச்சம் வராமல் ஜன்னலில் கறுப்பு அட்டை ஒட்டியிருந்தது. அவள் ஏழரைக்கே கிளம்பிவிடுவாள். மாலை ஐந்தரைக்குத் திரும்பும்போது அவர் கண்ணாடி முன்னால் முகச்சவரம் செய்துகொண்டிருப்பார். ஒரே கட்டில், பகலில் ஒருவர், இரவில் ஒருவர். அவர்களுக்கு ஒரு பெண் பிறந்ததைப் பற்றி நாத்தனார் ஒரு கேலி வைத்திருந்தாள்: "அண்ணி, உங்க பொண்ணுக்குப் பேரு வைக்கறதா இருந்தா 'லீவு நாள்'னு வைங்க." அந்த லீவு நாள் இரவுகளிலும் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. அவள் கண்ணயர்ந்ததும் எழுந்துபோய் அடுக்களையில் ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நகை, வீடு, ஊர் சுற்றுவது எதுவும் இல்லை. அவர் ஓய்வு பெற்ற பின், ஒரே நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு இருவரும் தூங்க வேண்டும். "ஒரு நாளாவது எனக்கு முன்னாடி நீங்க குறட்டை விடணும். நான் கேக்கணும்" என்று விளையாட்டாகச் சொல்வதுபோல் சொல்லியிருந்தாள். இருபத்தொன்பது வருஷம் காத்திருந்தாள்.

ஐம்பத்தெட்டு வயதில் அவர் வீட்டுக்கு வந்தார். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். மூன்று மாதமாகியும் ஆகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டைக் கொறிப்பார். எல்லோரும் தூங்கும் நேரத்தில் டப்பாக்களைத் திறப்பார். காலையில் முழுச் சாப்பாடு. பகலெல்லாம் தலை தொங்கும். எடை ஏறியது, புளித்த ஏப்பம் வந்தது, ரத்தத்தில் சர்க்கரை கூடியது. மகள் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். மருந்தெழுதும் முன் கேள்வி கேட்டாள்.

"உடம்புக்குள்ள ஒரே கடிகாரம் இல்லைங்கய்யா. தலைக்குள்ள இருக்கிறது வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். வயித்துப் பக்கம் இருக்கிறது நீங்க சாப்பிடுற நேரத்தைப் பார்த்து ஓடும். உங்களுக்குள்ள ரெண்டும் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கு."

ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு, அளவாக. அதற்குப் பிறகு அடுக்களைப் பக்கம் போகக் கூடாது. பத்து மணிக்குப் படுக்கை. விடிந்ததும் வெளிச்சத்தில் நடை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும்.

எழுதுவது அவர் தொழில். பாய்லர் பார்ப்பவர்கள் மணிக்கு ஒரு தடவை நீர்மட்டத்தையும் அழுத்தத்தையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அதே மாதிரி கோடு போட்டு, பசியைப் பத்துக்கு இத்தனை என்று குறித்தார். 'பகல் 11. பசி 3. நிலை சீர்.'

மகள் சிரித்தாள். "அப்பா, பத்தைத் தாண்டினா சேஃப்டி வால்வு தொறந்துக்குமா?"

"தொறந்துச்சுன்னா சத்தம் உங்கம்மாகிட்டேருந்துதான் வரும்."

ஆறு வாரத்தில் நோட்டில் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. ஏழு மணிக்குச் சாப்பாடு, பத்துக்குத் தூக்கம், ஐந்துக்கு விழிப்பு. டாக்டர் மெச்சினாள். வீட்டில் மனைவிக்கோ, இத்தனை வருஷமாக ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்திருந்த மெத்தையில் இன்னொரு கனம் சேர்ந்தது. சீரான மூச்சு ஒன்று பக்கத்தில் வந்துபோனது. ஏழு மணிச் சோறு அவள் தொண்டையில் இறங்கவில்லை. அது ஒரு குறையாகப் படவில்லை. காலை ஐந்தரைக்கு வழக்கம்போல் பசி வந்து நிற்கும். அவர் வெறும் டீயைக் குடித்துவிட்டு நடக்கப் போய்விடுவார். தனக்கென்று மட்டும் அடுப்பை மூட்ட அவளுக்குக் கை வரவில்லை. அவள் வயிற்றின் கடிகாரத்தைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை சலவை மெஷின் பழுதானதால் மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். அவர் காய் வாங்கப் போயிருந்தார். பேனா தேடி அவர் நோட்டைத் திறந்தாள். இன்னும் வராத அன்றைய வியாழன் இரவு எழுதியிருந்தது. வெள்ளி எழுதியிருந்தது. சனி, ஞாயிறு வரை எழுதியிருந்தது. 'இரவு 10 தூக்கம். காலை 5 விழிப்பு. நிலை சீர்.'

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அழுத்தம் காட்டும் முள் அசையாத ராத்திரிகளில் பாய்லர்காரர்கள் அடுத்த நாலைந்து மணிக்கான எண்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு உட்காருவார்கள் என்று அவரே எப்போதோ சொல்லியிருக்கிறார். அவர் உடம்புக் கடிகாரத்தின் முள் இன்னும் அசையவே இல்லை என்று இப்போது புரிந்தது. அந்தச் சீரான மூச்சு தூக்கத்தின் மூச்சல்ல. ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல், விடியும்வரை பணி பார்த்த மூச்சு.

நோட்டை இருந்த இடத்தில் வைத்தாள். அவர் பையோடு உள்ளே வந்தார்.

"என்ன, இந்நேரத்துக்கே?"

"மெஷின் மக்கர் பண்ணிடுச்சு."

"முகம் ஏன் வாடியிருக்கு? சாப்பிட்டியா?"

"ஆச்சு." பையை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "என்னங்க, ராத்திரி நல்லாத் தூங்குறீங்கதானே?"

"அடிச்சுப் போட்ட மாதிரி. நீதான் புரண்டுகிட்டே கெடக்குற."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'வேணாங்க, நீங்க பழையபடி பகல்லயே படுங்க. எனக்காக வேணாம்.' நாக்கு நுனி வரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளினாள். பிறகு மகள் வந்து போகட்டும் என்று தள்ளினாள். பக்கத்தில் அந்தக் கனம் இல்லாத கட்டிலை நினைக்கும்போதெல்லாம் இன்னொரு நாள் தள்ளினாள். அப்படியே ஐந்து மாதம் போனது. நேசிப்பவர்கள் செய்யும் தவறுகளில் இது பெரியதா சிறியதா என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒரு முற்பகல், சாப்பாட்டு மேஜை முன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். தாடை நெஞ்சில் சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா இரண்டு தடவை திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டு, பாவம் தூங்குகிறார் என்று சத்தம் காட்டாமல் போயிருக்கிறாள். இதயம் என்றாள் டாக்டர். இவ்வளவு காலம் இரவு வேலை பார்த்தவர்களிடம் இதைப் பார்ப்பதுண்டு, இன்னதால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள். டாக்டரால் முடியாததை அவள் ஒவ்வொரு நாளும் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மகள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "எவ்வளவு கட்டுப்பாடா இருந்திருக்காரு பாரும்மா. ஒரு நாள் தப்பலை." பிறகு கடைசிப் பக்கத்தைப் பார்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தேதியைத்தான் குழப்பிட்டாரு போல. ஒன்பது நாள் கூடுதலா இருக்கு."

"ஆமா" என்றாள் அம்மா. "குழப்பிட்டாரு."

அந்த ஒன்பது நாளும் அவர் ஏழு மணிக்குச் சாப்பிட்டார், பத்து மணிக்குத் தூங்கினார், நிலை சீராக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். சலவைப் பிரிவில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஷிஃப்ட் ஒன்று புதிதாக ஆரம்பிப்பதாகப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சின்ன வயசுக்காரர்களே அதைப் பார்க்காததுபோல் நடந்துபோனார்கள். அவள் சூப்பர்வைசரிடம் பேனா கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கெதுக்கு இது? இன்னும் நாலு வருஷம், பகல்ல நிம்மதியா ஓட்டிடலாம்ல?"

"பேனாவைக் குடும்மா."

"வீட்டுல தனியா இருக்கப் பயமா இருக்கா?"

"இல்லை."

"தூக்கம் வரலையா?"

"வருது."

செய்தி அன்று சாயங்காலமே மகளுக்கு எட்டியது. டாக்டர் அப்பாவைப் பற்றிச் சொன்ன அத்தனையையும் அவள் போனில் வரிசையாகச் சொல்லி, அம்மாவைத் திட்டி, கெஞ்சி, கடைசியில் அழுதாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒன்றையும் மறுக்கவில்லை.

தாளில் பெயருக்கு எதிரே இரண்டு கட்டங்கள் இருந்தன: தற்காலிகம், நிரந்தரம். அவர் ஒருகாலத்தில் கேட்டு வாங்கியதுபோலவே, அவள் நிரந்தரத்தில் குறியிட்டிருந்தாள். ஏன் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.