அக்காவின் பானையும் மச்சானின் அடுப்பும்

என் அக்கா வியாகுலமேரிக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது கரி. அக்கா வீட்டுக்காரர் மரியராஜ், அதாவது என் மச்சான், போகிற இடமெல்லாம் உண்டாக்குகிற பொருளும் அதுவேதான். இந்த இரண்டு பேருக்கும் பேசி முடித்தவர்களைச் சொல்ல வேண்டும்.

மச்சான் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பைப் போடுகிறவர். அனுமந்தன்பட்டியிலிருந்து சின்னமனூர் வரை எந்தத் தோட்டத்தில் வேலை என்றாலும், பைக்கில் ஸ்பேனரோடு ஒரு சாக்குப்பையும் போகும். அவருடைய சமையலறை மொத்தமும் அதற்குள் அடக்கம். ஓர் அலுமினியச் சட்டி, பக்கவாட்டில் வாய் வெட்டிய எண்ணெய் டின், டின்னின் குறுக்கே செருகிச் சட்டியை உட்கார வைக்கப் பழைய சைக்கிள் கம்பிகள், கொட்டாங்கச்சி அகப்பை. சட்டியைத் தவிர எதையும் காசு கொடுத்து வாங்கவில்லை. மதியம் மற்றவர்கள் டிபன் டப்பாவைத் திறக்கும்போது இவர் திராட்சைப் பந்தலுக்கு வெளியே கவாத்து வெட்டிப் போட்ட காய்ந்த குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். வாசம் கிளம்பியதும் டிபன் டப்பாக்காரர்கள் தட்டோடு வந்துவிடுவார்கள்.

மலை ஏறுகிறவர்களுக்கென்று செய்த மடக்கு அடுப்பு ஒன்றை ஆன்லைனில் வாங்கி அவருக்குக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாருக்கு மாப்ள. மாதா படத்துக்கு முன்னால வச்சா மெழுகுவத்தி ஏத்தலாம்" என்றார். ஏற்றியும் விட்டார்.

ஊரெல்லாம் சப்புக்கொட்டிய இந்தச் சமையலை அக்கா மட்டும் வாயில் வைத்ததில்லை. கல்யாணமான புதிதில் மச்சான் அவளுடைய பால் பாத்திரத்தைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய்க் கன்னங்கரேலென்று திருப்பிக் கொண்டுவந்தார். அன்றோடு அவருக்கு வீட்டுப் பாத்திரமும் இல்லை, அவளுக்கு வெளியடுப்புச் சோறும் இல்லை என்றாகிவிட்டது. மச்சானுக்கு இது பெரிய குறை. ஊர் வாய் எத்தனை புகழ்ந்தாலும் வீட்டு வாய் புகழவில்லையே என்று என்னிடமே பலமுறை புலம்பியிருக்கிறார்.

தவக்காலம் முழுக்க வீட்டில் கறி எடுப்பதில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் கறிச்சோறு ஆக்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு ஆற்றோரத் தோப்புக்குப் போவோம். இந்த வருசம் அங்கேயே ஆக்கலாம் என்று மச்சான் மெல்ல ஆரம்பித்தார். அவர் சட்டியில் நாலு பேருக்குத்தான் சோறு ஆகும். நாங்களோ ஒரு வேன் ஆட்கள். அக்கா என்ன நினைத்தாளோ, பரணிலிருந்து தன் பெரிய எவர்சில்வர் பானையை இறக்கினாள்.

அது அம்மா வீட்டுச் சீர். வயிற்றில் அவள் பெயர் முழுதாக வெட்டியிருக்கும். பெயர் வெட்டாத பாத்திரம் எங்கள் பக்கம் சீராகப் போகாது.

"கொண்டு போங்க. போன மாதிரியே வீட்டுக்கு வரணும். பொட்டுக் கரி இருந்துச்சு, உங்க சாக்குப்பைய எடைக்குப் போட்டுருவேன்."

அக்கா சொன்னால் செய்கிறவள். சின்ன வயதில் என் கிரிக்கெட் மட்டை விறகானதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். மச்சான் சாக்குப்பையைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தோப்பில் போய் இறங்கியதும் நான் ஆற்றிலிருந்து மூன்று கல் தூக்கி வந்தேன்.

"ஈரம் குடிச்ச கல்லு சூட்டுல வெடிக்கும் மாப்ள. அங்கன போடு" என்று சொல்லிவிட்டு, திராட்சைப் பந்தலுக்கு ஊன்றி உடைந்துபோன கல்தூண் துண்டுகளை உருட்டி வந்து அடுப்புக் கூட்டினார். பிறகு சாம்பலும் செம்மண்ணும் குழைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பானையின் வெளிப்பக்கம் பூசினார். கரியெல்லாம் மண்ணோடு போய்விடும், கழுவினால் பானை பளிச்சென்று ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. பூசி முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

அடுப்பில் தென்னை மட்டை சடசடத்தது. நாங்கள் புகைக்குத் தப்பி இடம் மாறி மாறி உட்கார்ந்தோம். அக்கா மட்டும் நகராமல் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலை போட்டதும் முதல் வாய் எடுத்தாள். மச்சான் அகப்பையும் கையுமாக நின்றார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். சொல்லிக்கொண்டே இலையில் இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னாள். அதற்கு மேலும் ஒருமுறை கேட்டாள். மச்சான் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே சந்தோசமாக இருந்தது.

சாப்பிட்டதும் அவரும் நானும் பானையை வாய்க்காலுக்குத் தூக்கிப் போனோம். தண்ணீர் பட்டதும் மண் பொரிந்து விழுந்தது, கரியும் கூடவே போனது. கடையில் வாங்கியது போலப் பானை மினுங்கியது. திருப்பினேன். வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு. சரியாக அக்காவின் பெயர் இருக்கிற இடம். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

மச்சான் தேங்காய் நாரை எடுத்து வேர்க்க வேர்க்கத் தேய்த்தார். அது அசையவில்லை. அக்கா பின்னாலேயே வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"எல்லாப் பக்கமும் பூசுனீக. இந்த எடத்த மட்டும் ஏன் விட்டீக?"

மச்சான் தலையைத் தூக்கவில்லை. "பேரு இருந்துச்சு."

"இருந்தா?"

"ஒம் பேரு மேல எப்படி மேரி சேத்தப் பூசுறது?"

சாக்குப்பை போச்சு என்று நினைத்தேன். என் அக்காவுக்கு வெட்கப்படத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குனிந்து அவர் கையிலிருந்த நாரைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாள்.

"தேய்க்காதீக. இருக்கட்டும்" என்றாள்.

அது அப்படியேதான் இருக்கிறது. கோயில் அசன விருந்துக்குத் தெருவிலுள்ள பானையெல்லாம் போகும். விருந்து முடிந்ததும் பெண்கள் பெயரைத் தேடி ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். பெயர் தெரியாத பானை ஒன்றே ஒன்றுதான். அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை, நேராக அக்கா வீட்டில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள்.