மகாலிங்கம் அண்ணையின் பனிப் போர்க்களம்

மகாலிங்கம் அண்ணை போய்விட்டார்.

காலையில் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது வட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது. மானிப்பாயில், தன்னுடைய வீட்டிலேயே, நித்திரையில்... விடிந்து வெகுநேரம் கேற் திறக்காததால் பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

நான் இருக்கிற இந்த ஊரில் அவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒன்றாக வேலை செய்தோம். அவர் மனேஜர், நான் பங்கீட்டுக் கூப்பன் பதிகிற ஆள். கோபம் வந்தால் கத்தமாட்டார், தராசைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

போன வருஷம் ரெலிபோன் கோல் எடுத்தபோதுகூட, "பிள்ளை, உங்கை ஸ்னோவிலை நடந்தால் சத்தம் கேக்குமோ?" என்றுதான் கேட்டார்.

கேட்கும் அண்ணை, அப்பளம் நொறுங்குகிற மாதிரி என்றேன். "அது எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார்.

ஏனென்றால் அந்த மனிசன் வருஷா வருஷம் ஸ்னோ செய்தவர்...

ஊர் வாசிகசாலையில் மார்கழி மாதம் ஒரு பொழுதுபோக்குப் போட்டி வைப்பார்கள். தீக்குச்சியில் தேர், போத்தலுக்குள் கப்பல், எம்ப்ரொய்டரி, இப்படி. மகாலிங்கம் அண்ணை கொண்டுவருவது போர்க்களம். ஒரு மேசைப் பலகை நிறைய வெள்ளைப் பனி, மொட்டை மரங்கள், விரல் உயரத்தில் சிப்பாய்கள். ஐரோப்பாவில் எப்போதோ நடந்த உலக யுத்தமாம்.

வெளியில் ஷெல் விழுகிற காலம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. "இஞ்சை பார்க்கிறது போதாதெண்டே அண்ணை உதையும் செய்யிறியள்?" என்று கேட்டே விட்டேன்.

"பனியைப் போட்டுவிட்டால் பிள்ளை, உது ஆருடைய சண்டை எண்டு ஒருத்தரும் கேக்காயினம்."

சிப்பாய்கள் மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகள். துவக்குகள் பழைய குடைக்கம்பி. மரங்கள் காய்ந்த மருதோன்றிக் கொப்பு. பனிக்கு முதலில் உப்பைத் தூவினார். மார்கழி மழை ஈரத்தில் அது உருகி, போட்டியன்று காலை சிப்பாய்கள் எல்லாரும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். பிறகுதான் சுண்ணாம்புத் தூளுக்கு மாறினார். அதைப் பார்த்துவிட்டு, சங்கத்து மாவை எடுத்து விளையாடுகிறார் என்று கியூவில் நின்ற சனம் கதை கட்டியது. அன்றைக்கு முழுக்கத் தராசைத் துடைத்தார்.

உண்மையில் அது அவரும் மகன் ரூபனும் சேர்ந்து தொடங்கியது. தாய் முன்னமே காலமாகிவிட்டார். அந்த வீட்டில் அப்பாவும் மகனும்தான். மகன் மெழுகை உருக்குவான், அப்பா உருப்பிடிப்பார்.

ரூபனுக்குப் பதினெட்டுகூட ஆகவில்லை... ஒருநாள் ரியூசனுக்கு என்று போனவன் இயக்கத்துக்குப் போய்விட்டான்.

போட்டியை விட்டுவிடுவார் என்று நினைத்தோம். அவரோ முன்னையதைவிடப் பெரிய பலகை எடுத்தார். "மார்கழியிலை போட்டி எண்டு அவனுக்குத் தெரியும் பிள்ளை. எங்கை நிண்டாலும் ஒருக்கா எட்டிப் பார்ப்பான்."

அவருக்குப் பரிசு வேண்டியிருக்கவில்லை. அவன் வரவேண்டும், அவ்வளவுதான்.

வாசிகசாலை திறந்ததில் இருந்து பூட்டும்வரை பலகைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் அரைவாசி எழும்புவார். பிறகு இருப்பார். நான் கடை பூட்டிவிட்டுத் தேத்தண்ணி கொண்டுபோனால் அது ஆறிப்போய்க் கிடக்கும்.

அந்த வருஷம் அவன் வரவில்லை.

அடுத்த வருஷம் வந்தான். நான் பக்கத்தில் நின்றேன். மெலிந்து, கறுத்து, மீசை வைத்து... கூட வந்தவன் வெளியில் சைக்கிளோடு நின்றான். அப்பாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்தான்.

பனியில் ஒரு சிப்பாய் கையை விரித்து மல்லாக்க விழுந்து கிடந்தான். அவனைக் காட்டி, "அப்பா, உது பிழை" என்றான்.

"என்ன பிழை?"

"வெடி பட்டவன் இப்பிடி விழமாட்டான்."

"அப்ப எப்பிடியடா விழுவான்?" என்றார் அண்ணை.

ரூபன் அந்த மெழுகு உருவத்தை எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடாக்கினான். முழங்காலை வயிற்றோடு மடக்கினான். முகத்தை மண்பக்கம் திருப்பினான். மறுபடி பனியில் வைத்தான். "இப்பிடி."

வெளியில் சைக்கிள் மணி அடித்தது.

"இன்னும் ஏதும் பிழை இருக்கோ, வடிவாப் பார்" என்றார் அண்ணை. அவனை இன்னும் கொஞ்ச நேரம் மறிக்கத்தான் அப்படிக் கேட்டார்.

அவன் குனிந்து ஒரு சுற்றுப் பார்த்தான். "இல்லையப்பா. மற்றதெல்லாம் சரி. போட்டு வாறன்."

பரிசு வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர் செய்த பாய்க்கப்பலுக்குப் போனது. அண்ணை கை தட்டினார்.

அடுத்த மழைக்கு முன்னமே ரூபனுடைய செய்தி வந்துவிட்டது. உடல் வரவில்லை. எங்கே, எப்படி என்றும் சரியாகச் சொல்லவில்லை. அண்ணை ஒருவரிடமும் கேட்கவும் இல்லை.

பிறகு தொண்ணூற்றைந்து... எல்லாரும் இடம்பெயர்ந்தோம். நான் வன்னி, கொழும்பு என்று அலைந்து கடைசியில் இந்தக் குளிர் தேசம். அவர் மானிப்பாய்க்குத் திரும்பிப் போய் அதே வீட்டில் தனியாக இருந்தார்.

கோல் எடுத்தால் விலைவாசி, மழை, கிணற்றுத் தண்ணீர் என்றுதான் கதைப்பார். மகனைப் பற்றி ஒரு சொல் வராது. கடைசிக் கோலில் நானாகத்தான் கேட்டேன், பிறகு ஒன்றும் செய்து பார்க்கவில்லையோ அண்ணை, நேரம் போகுமே என்று.

"என்னத்தைச் செய்யிறது பிள்ளை... ஆர் வந்து பிழை சொல்லப்போறான்?"



படுங்கோ அண்ணை. இனி வாசலைப் பார்க்கத் தேவையில்லை.